உப்புவெளியில் ஊதிய பலூன்

2019 ஆவணி. ஈஸ்டர் தாக்குதல் நடந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, திருகோணமலைக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் சோதனைச் சாவடி. அக்காவின் மகளுக்குச் சாமத்திய வீடு என்று கனடாவில் ஸ்காபரோவிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்திருந்தேன். விழா முடிந்த அடுத்த நாள் பின்னேரம் பள்ளிக்கூடக் கூட்டாளிகள் உப்புவெளிக் கடற்கரைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பியர், அதற்கு மேலே யாரோ ஊற்றிவிட்ட அரைக் கிளாஸ் சாராயம். அத்தானின் மோட்டார் சைக்கிள் வெளியில் நின்றது. வீட்டுக்கு மூன்று கட்டைத் தூரம், றோட்டில் மாடுகளைத் தவிர ஒன்றும் இல்லை, ஸ்காபரோவில் என்றால் ஒரு பியர் குடித்தாலும் ஊபர் பிடிக்கிற ஆள் நான், ஊரில் வந்து அந்த நினைப்பே வரவில்லை. ஊர் என்றால் எங்களுக்குச் சட்டம் கொஞ்சம் தளர்ந்துவிடும் போலிருக்கிறது, மனதுக்குள்.

நிலாவெளி றோட்டு வளைவில் டோர்ச் லைட் ஆடியது. ஒதுக்கி நிறுத்தினேன். வாய் திறந்ததுமே அந்தப் பொலிஸ்காரருக்கு விளங்கிவிட்டது. மட்டக்களப்புப் பக்கத்து ஆள், பேச்சில் தெரிந்தது.

"தம்பி, குடிச்சிருக்கிறீங்களோ?"

"கொஞ்சம் சேர்."

"எல்லாரும் கொஞ்சந்தான். இதை ஊதுங்க."

பலூன் பலூன் என்று எல்லோரும் சொல்கிறோமே, அதில் பெரிய வேலை பார்ப்பது பலூன் இல்லை, அதன் வாயில் செருகியிருக்கும் சின்னக் கண்ணாடிக் குழாய். உள்ளே சீனி மாதிரி மஞ்சள் குறுணி. மூச்சில் மது இருந்தால் மஞ்சள் மெல்ல மெல்லப் பச்சையாகும், குழாயில் ஒரு கோடு இருக்கிறது, பச்சை அந்தக் கோட்டுக்குப் போய்விட்டால் கதை முடிந்தது. என்னுடைய குழாயை அவர் டோர்ச் வெளிச்சத்தில் பிடித்து என் முகத்துக்கு நேரே காட்டினார், நானே பார்க்கட்டும் என்று. பச்சை கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இலங்கையில் வரம்பு 100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம். என்னுடைய கணக்கு எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை, இரத்தமும் எடுக்கவில்லை, ஒரு பச்சை நிறம் மட்டும்தான். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

அவர்கள் என்னை மரியாதையாகத்தான் நடத்தினார்கள், அதையும் சொல்லவேண்டும். அத்தான் வந்து கையெழுத்துப் போட்டுப் பொலிஸ் பிணையில் எடுத்தார். பிரச்சினை என்னவென்றால், நீதிமன்றத் தவணை எனக்கு விமானம் ஏறும் நாளுக்குப் பிறகு விழுந்துவிட்டது. உடனே வீட்டில் மாநாடு கூடியது. சித்தப்பா, அத்தான், அத்தானின் கூட்டாளி, பக்கத்து வீட்டு மாஸ்டர், எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு: சட்டத்தரணியைப் பிடித்து நகர்த்தல் பத்திரம் போட்டு வழக்கை முன்னுக்கு எடு, குற்றத்தை ஒப்புக்கொள், தண்டத்தைக் கட்டு, ஓடு.

அப்படியே நடந்தது. மூன்றாம் நாள் வழக்கைக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் ஹெல்மெட் போடாதவர்கள், லைசன்ஸ் இல்லாதவர்கள், மணல் ஏற்றிய உழவு இயந்திரக்காரர் ஒருவர். என் பெயரை வாசித்தார்கள், குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்டார்கள், குற்றவாளி என்றேன். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். 25,000 ரூபாய் தண்டம், லைசன்ஸ் ஆறு மாதத்துக்கு இடைநிறுத்தம். என் இலங்கை லைசன்ஸ் காட் வழக்குக் கோப்போடு அங்கேயே நின்றுவிட்டது. 25,000 ரூபாய் அன்றைய கணக்கில் இருநூறு கனடா டொலர்கூட வராது. நான் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் இதே வேலையைச் செய்து முதல் தடவை குற்றவாளியானால் குறைந்தபட்சத் தண்டம் 1,000 டொலர், ஒரு வருடத்துக்கு ஓட்டமுடியாது, இதில் காப்புறுதி வேறு. வெளியே வந்து அத்தானோடு பிளேன்ரீ குடிக்கும்போது, மலிவாய்த் தப்பிட்டேன் என்றுதான் நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன்.

கனடாவுக்குத் திரும்பிய பிறகு இரண்டு மாதம் ஒரே பயம், ஒன்ராறியோ லைசன்சைப் பிடுங்கிவிடுவார்களோ என்று. எனக்கு வேலை மிசிசாகாவில், கார் இல்லாவிட்டால் ஒரு நாளில் நாலு மணித்தியாலம் பஸ்சிலேயே போய்விடும். தபால்காரன் வரும்போதெல்லாம் நெஞ்சு இடித்தது. கடைசியில் சர்விஸ் ஒன்ராறியோ என்ற மாகாண அரசு அலுவலகத்தில் சில டொலர் கட்டி என்னுடைய மூன்று வருடச் சாரதிப் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

ஏன் இல்லை என்பதை அப்போது நான் தேடி வாசித்தேன். ஒரு நாட்டின் நீதிமன்றம் தடைசெய்வது அந்த நாட்டின் மண்ணில் ஓட்டும் உரிமையை. அந்தத் தடையை உங்கள் நாடும் ஏற்க வேண்டுமென்றால் இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஒப்பந்தமோ, இல்லையென்றால் உங்கள் நாட்டுச் சட்டத்தில் அதற்கென்று ஒரு பிரிவோ இருக்கவேண்டும். ஒன்ராறியோவுக்கு மற்ற மாகாணங்களோடும், எல்லைக்கு அந்தப் பக்கம் நியூயோர்க், மிச்சிகன் மாநிலங்களோடும் ஏற்பாடு இருக்கிறது. நியூயோர்க் மாநிலத்துப் பஃபலோவில் பிடிபட்டால் அது ஒன்ராறியோவில் பிடிபட்ட மாதிரி உங்கள் பதிவில் வந்து உட்காரும். திருகோணமலையோடு அப்படி ஒன்றும் இல்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லா நாட்டுக்கும் இதுதான் என்று நினைக்காதீர்கள். எங்கள் வகுப்புப் பெடியன் ஒருவன் சூரிச்சில் இருக்கிறான், ஜெர்மனியில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய்த் திரும்பும்போது எல்லைக்குக் கிட்ட மறித்தார்கள். இரத்தத்தில் மது 0.9 புரோமில், அதாவது ஆயிரத்துக்கு 0.9 பங்கு. ஜெர்மனியில் 0.5 இலிருந்து 1.1க்குள் முதல் தடவை என்றால் 500 யூரோ, ஒரு மாதம் ஓட்டத் தடை. அவனும் என்னைப் போலத்தான், ஜெர்மன் தடை ஜெர்மனிக்குத்தானே என்று சுவிசில் ஜாலியாக ஓடித் திரிந்தான். கொஞ்ச நாளில் கன்ரோன் என்கிற அந்த மாநிலத்துப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து கடிதம். சுவிஸ் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் 2008இலிருந்து இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது: வெளிநாட்டில் ஓட்டத் தடை விதித்திருக்கவேண்டும், அந்தக் குற்றம் சுவிஸ் கணக்கில் நடுத்தரமானதாகவோ கடுமையானதாகவோ இருக்கவேண்டும், இரண்டும் இருந்தால் சுவிஸ் லைசன்சும் போகும். சுவிசில் 0.8ஓ அதற்கு மேலோ என்றால் கடுமையான குற்றம். அவனுக்குப் பழைய பதிவு ஒன்றும் இல்லாதபடியால் வெளிநாட்டுத் தடையின் அளவைத் தாண்டாமல் ஒரு மாதத்தோடு விட்டார்கள், உள்நாட்டில் பிடிபட்டிருந்தால் குறைந்தது மூன்று மாதம். லண்டனில் இருப்பவர்களுக்கு அயர்லாந்துத் தடை பின்னாலேயே வரும், இரண்டு நாடும் ஒன்றின் தடையை மற்றது ஏற்றுக்கொள்கிறது.

மறுபக்கமும் உண்டு. எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணை டுபாயில் சாரதி வேலை செய்தவர், அங்கே ஒரு சொட்டுக்கூட ஆகாது, 20,000 திர்ஹமில் தொடங்குகிறது தண்டம். பிடிபட்டு எல்லாம் கட்டி ஊருக்கு வந்து, அடுத்த கிழமையே தன் பழைய இலங்கை லைசன்சோடு லொறி ஓடினார். இலங்கை லைசன்சை யாரும் தொடவில்லை.

ஆக, லைசன்ஸ் தப்பிவிட்டது. அந்தச் சந்தோசத்தில் சில மாதம் நிம்மதியாக இருந்தேன்.

2020 மாசி. நான் நிரந்தர வதிவிடத்தில் வந்தவன், பீ.ஆர். காட்தான், நாட்கணக்கு நிரம்பியதும் குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். ஒரு இடத்தில் கேள்வி: கடந்த நாலு வருடத்தில் கனடாவுக்கு வெளியே ஏதாவது குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா? பேனை அங்கேயே நின்றது. பிரம்டனில் இருக்கும் மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

"அது ட்ரஃபிக் தண்டமடா. இல்லை எண்டு போடு. திருகோணமலைக் கோட்டுப் புத்தகத்தை ஒட்டாவாவில இருந்து வந்து ஆரு பார்க்கப்போறான்?"

அன்றைக்கு அவன் சொன்னதைக் கேட்டிருந்தால் இதை எழுத ஸ்காபரோவில் இருந்திருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். ஏதோ ஒரு பயம், ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் முந்நூறு டொலர் கட்டி நேரம் எடுத்தேன். தமிழர், வயசான அம்மா. நான் லைசன்ஸ், சாரதிப் பதிவு என்று விளக்கிக்கொண்டு போக, கையைக் காட்டி நிறுத்தினார்.

"லைசன்சை விடுங்கோ தம்பி. குற்றம் நடந்த திகதி என்ன?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

2018 மார்கழி 18ஆம் திகதியிலிருந்து கனடாவில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான உச்சத் தண்டனை ஐந்து வருடத்திலிருந்து பத்து வருடமாக ஏறிவிட்டது. பத்து வருடம் என்பது குடிவரவுச் சட்டத்தில் ஒரு கோடு. கனடாவில் செய்திருந்தால் பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய ஒரு குற்றத்துக்கு வெளிநாட்டில் தண்டிக்கப்பட்டவர், அவர் நிரந்தர வதிவாளராக இருந்தாலும், கடுமையான குற்றச்செயல் காரணமாக நாட்டில் இருக்கத் தகுதியற்றவராகலாம். உங்களுக்கு உண்மையில் கிடைத்தது 25,000 ரூபாயா ஒரு நாள் சிறையா என்பதை அங்கே பார்ப்பதில்லை, அந்தக் குற்றத்துக்குக் கனடாவில் எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் அளவு. என்னுடையது நடந்தது 2019 ஆவணியில். எட்டு மாதம் முந்தி அந்தத் திகதிக்கு முன்னால் நடந்திருந்தால், நிரந்தர வதிவாளரான என்னை அந்தப் பிரிவு தொட்டிருக்காது. அதோடு வெளிநாட்டுத் தண்டனை காரணமாக வெளியேற்றக் கட்டளை வந்தால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமையும் இல்லை.

கார் ஓடமுடியாமல் போய்விடுமோ என்று இரண்டு மாதம் தூங்காத நான், நாட்டைவிட்டே அனுப்பக்கூடிய ஒரு விசயத்தை ஆறு மாதமாகப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"இல்லை எண்டு போட்டிருந்தால்?" என்று கேட்டேன். பொய்த் தகவல் கொடுத்தது தனிக் குற்றமாகும், அதற்கே ஐந்து வருடம் குடியுரிமை எடுக்கத் தடை, குடியுரிமை கிடைத்த பிறகு தெரியவந்தால் கிடைத்ததையும் பறிக்கலாம் என்றார். மச்சானுக்கு இதைச் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, நான் பகிடிக்குச் சொன்னனான் என்றான்.

சட்டத்தரணி முதலில் கேட்டது வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதி. ஊரில் நின்றபோது இரண்டாயிரம் ரூபாயோடு நானே எடுத்திருக்கக்கூடிய காகிதம். இப்போது அக்கா என்னுடைய அதிகாரக் கடிதத்தோடு பதிவாளர் அறைக்கு நாலு தரம் அலைந்தாள், நடுவில் கொரோனா வந்து எல்லாம் பூட்டிக்கொண்டது, கையில் வர ஏழு மாதம். பிறகு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து ஆங்கிலமாக்கவேண்டும். ஒன்றரைப் பக்கம். அதில் என்ன இருந்தது என்பதைவிட என்ன இல்லை என்பதைத்தான் அந்த அம்மா திரும்பத் திரும்பப் பார்த்தார். அளவு இல்லை. பச்சை நிறம் என்றுகூட இல்லை, மதுபோதையில் வாகனம் செலுத்தினார், குற்றத்தை ஒப்புக்கொண்டார், அவ்வளவுதான்.

இது நல்லதா கெட்டதா என்றால் இரண்டும். கனடாவில் குற்றம் நிறுவ 80 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மதுவால் ஓட்டும் திறன் குறைந்திருந்தது என்று காட்டவேண்டும். அளவு எழுதப்படாத ஒரு வெளிநாட்டுத் தீர்ப்பு இந்த இரண்டில் எதற்குச் சமம் என்று வாதாட இடம் இருக்கிறது. அதே நேரம், அதிகாரி ஒருவர் விரும்பினால், வரம்பு அங்கேயும் 80தானே, நீர் ஒப்புக்கொண்டிருக்கிறீரே என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அந்த ஒப்புக்கொள்ளல், அந்த இரண்டு நிமிடம். நான் குடித்தது உண்மை, ஓட்டியது உண்மை, அதை மறுத்து வழக்காடியிருக்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் என் ஊர்ச் சட்டத்தரணிக்கு நான் கனடாவில் பீ.ஆர். என்பது தெரியாது, அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, எனக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்பதை மட்டும் பத்துத் தரம் சொன்னேன். டிக்கெட்டை மாற்ற இருநூறு டொலர் ஆகியிருக்கும். ஒரு கிழமை நின்று, ரொறன்ரோவுக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கூண்டில் ஏறியிருக்கலாம்.

குடியுரிமைச் சட்டத்தில் வேறொரு தடையும் உண்டு: கனடாவில் பெருங்குற்றமாகக் கணக்கிடக்கூடிய ஒன்றுக்கு வெளிநாட்டில் தண்டிக்கப்பட்டால், அந்த நாளிலிருந்து நாலு வருடம் குடியுரிமை இல்லை. ஆகவே 2023 ஆவணி வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் வழி. அதுவரை பயணம் வேண்டாம் என்றார் அந்த அம்மா, விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் கேள்வி கேட்கத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்லமுடியாது.

2022இல் அப்பா போய்விட்டார். எட்டுச் செலவை அக்காவின் மகள் பிடித்த போனில் பார்த்தேன். வேறு ஒன்றும் இதைப் பற்றி எழுதமாட்டேன்.

காப்புறுதித் தரகரிடமும் உண்மையைச் சொன்னேன். ஒன்ராறியோப் பதிவில் ஒன்றும் இல்லை, ஏன் சொல்கிறீர்கள் என்று அவரே கேட்டார். படிவத்தில் கேட்டதற்கு மறைத்துவிட்டு, நாளைக்கு ஒரு விபத்தென்று போய் நிற்கும்போது அதைக் காரணம் காட்டிக் காசு தரமாட்டோம் என்று சொன்னால் என்ன செய்வது? கட்டணம் ஏறியது, எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

2023 ஐப்பசியில் விண்ணப்பித்தோம், வழக்கேட்டுப் பிரதி, மொழிபெயர்ப்பு, தண்டம் கட்டிய பற்றுச்சீட்டு, நாலு வருடமாக ஒரு தவறும் செய்யாத சாரதிப் பதிவு, எல்லாவற்றையும் விளக்கும் கடிதம் என்று தடித்த கட்டு. நடுவில் மேலதிக விபரம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதன் பிறகு ஒரு வருடம் மௌனம். 2025 தொடக்கத்தில் சத்தியப்பிரமாணத்துக்குக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் இப்படி முடியும் என்று எண்ணாதீர்கள், அதிகாரி வேறு மாதிரி முடிவெடுத்திருந்தால் நான் தண்டனை முடிந்து ஐந்து வருடம் காத்திருந்து, மறுவாழ்வு விண்ணப்பம் என்று ஒன்று போட்டு அலைந்திருக்கவேண்டும். கனடாவுக்குள் நடந்த குற்றத்துக்குக் கிடைக்கும் பதிவு நீக்கம் வெளிநாட்டுத் தண்டனைக்கு உதவாது, அதையும் பலர் தெரியாமல் காசைக் கொட்டுகிறார்கள்.

2025 ஆவணியில், ஆறு வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வந்தேன். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் மான்கள் அப்படியே நின்றன, யாரோ வாழைப்பழத் தோலைக் கொடுக்க வாங்கித் தின்றுகொண்டு. கூட்டாளிகள் உப்புவெளிக்குக் கூப்பிட்டார்கள், போனேன், ஓட்டோவில். வரும் வழியில் அதே வளைவில் ஓட்டோக்காரத் தம்பி வேகத்தைக் குறைத்தார், மாடு படுத்திருந்தது.

மறுநாள் காலையில் நீதிமன்றப் பதிவாளர் அறைக்குப் போய் என் பழைய லைசன்சைக் கேட்டேன். ஆறு மாதத் தடை முடிந்து ஐந்தரை வருடம், எடுக்க வந்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருக்கும். எழுதுவினைஞர் தங்கச்சி பெரிய பதிவேட்டைப் புரட்டி, உள்ளே போய், அரை மணித்தியாலம் கழித்து ஒரு கடித உறையோடு வந்தார். உள்ளே காட். படத்தில் தலைமயிர் நிறைய இருந்தது. அவர் திருப்பிப் பார்த்துவிட்டு நீட்டினார்.

"இது முடிஞ்சுபோச்சே அண்ணை. எட்டு வருசந்தானே. இனி எடுக்கிறதெண்டா மெடிக்கல்ல இருந்து தொடங்கோணும்."

கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அத்தான் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார், பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.